ஹலேயாக்கலாவில் ஒரு பின்னேரம்: வெள்ளவத்தையிலிருந்து மௌயி வரை

வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தை

சித்திரைப் புத்தாண்டு லீவு என்றால் கொழும்புக்காரருக்கு நுவரெலியாதான். இந்த முறை நாங்கள் ஏறப்போகும் மலை கொஞ்சம் தூரம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மௌயியில் இருக்கும் ஹலேயாக்கலா என்ற எரிமலை. உயரம் 3,055 மீற்றர். நம் நாட்டின் ஆக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். ஆகவே இலங்கையில் எங்கே ஏறி நின்றாலும் கிடைக்காத உயரம் அது. அதுவும் நடக்கத் தேவையில்லை, கடற்கரையில் காரை எடுத்தால் சிகரம் வரைக்கும் தார் ரோடு. ஏறிப்போய், பொழுது படுவதைப் பார்த்துவிட்டு இறங்குவதுதான் திட்டம்.

யோசனை மச்சானுடையது. மனைவியின் அண்ணன், ரொறன்ரோவில் இருக்கிறார். "நீங்களும் இங்க வாறியள் இல்லை, எனக்கும் அங்க வந்து போக லீவு காணாது. நடுவில ஒரு இடத்தில சந்திப்பம்" என்றார். அவர் சொன்ன நடுவிடத்துக்கு எங்களுக்கு விமானம் மாறி மாறிப் போகவேண்டும். அவருக்கும் அப்படித்தானாம். சரி, இரண்டு பக்கமும் சமமாகக் கஷ்டப்பட்டால் அது நடுதானே.

ஹலேயாக்கலா என்று தேடினால் வருவதெல்லாம் சூரிய உதயம். அதற்காக விடிய 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் சிகரம் இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் போகும் கார்களுக்கு முன்பதிவு கட்டாயம். காருக்கு ஒரு டொலர்தான், ஆனால் 60 நாட்களுக்கு முன்பே இணையத்தில் திறந்துவிடுகிறார்கள், கெதியில் முடிந்தும் விடுகிறது. கிடைத்தாலும் நடுச்சாமம் தாண்டியதும் அம்மாவை எழுப்பி, இருட்டில் தெரியாத மலைப் பாதையில் ஓடவேண்டும். பொழுது படுவதற்கு இந்த உபத்திரவம் ஒன்றும் இல்லை. வாசலில் காருக்கு 30 டொலர் கட்டினால் மூன்று நாளைக்குச் செல்லும், எத்தனை பேர் காருக்குள் இருந்தாலும் அதே காசு. உதயத்தைப் பார்க்க அடிபடுகிற கூட்டம் அஸ்தமனத்தை ஏன் இவ்வளவு மலிவாக விட்டுவைத்திருக்கிறது என்று விளங்கவில்லை. எங்களுக்கு வசதி.

அம்மாவைக் கூட்டிப்போவதா என்றுதான் வீட்டில் பெரிய கதை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம் அளவுதான். மூச்சுக்கு அவ்வளவு குறைவாகத்தான் கிடைக்கும். இதய நோய், சுவாச நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வரச்சொல்லிப் பூங்காவே சொல்கிறது. கேட்டோம். ஆறுதலாக ஏறுங்கள், இடையில் நிறுத்தி இளைப்பாறுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றார். அம்மா அதில் 'ஏறுங்கள்' என்ற சொல்லை மட்டும்தான் கேட்டார். பக்கத்து வீட்டு அன்ரிக்கு அன்றைக்கே செய்தி போய்விட்டது.

நுவரெலியாச் சந்தையில் எப்போதோ வாங்கி, அலுமாரிக்குள் பூச்சி உருண்டை மணத்தோடு கிடந்த ஜக்கெற்றுகளை எல்லாம் வெயிலில் போட்டிருக்கிறது. கம்பளித் தொப்பி, தடித்த மேஸ், கையுறை. ஹவாய் என்று சொல்லிக்கொண்டு இதையெல்லாம் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்து மகள் சிரிக்கிறாள். அம்மாவின் பெட்டியில் ஒரு போத்தல் சீனிச்சம்பலும் முறுக்குப் பைக்கற்றுகளும். நாளை இரவு கட்டுநாயக்க விமான நிலையம்.

ஞாயிறு, கீஹெய்

எங்களுக்கு இன்று இரண்டாவது ஞாயிறு. கொழும்பிலிருந்து ஜப்பானின் நரிட்டா போய்ச் சேர்ந்தபோது ஞாயிறு காலை. பகல் முழுக்க விமான நிலையக் கதிரைகளில் கிடந்து, இரவு ஏறி, சர்வதேசத் திகதிக் கோட்டைத் தாண்டி ஹொனலுலுவில் இறங்கினால் மறுபடியும் அதே ஞாயிறு காலை. இதனால் யாருக்கும் நட்டமில்லை, அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்கு மட்டும்தான் குழப்பம். ஏழு நாளைக்கு ஏழு அறை. ஞாயிறு அறை நரிட்டாவிலேயே காலி. "இப்ப இந்த ஞாயிறுக்கு என்ன செய்யிறது?" என்று ஹொனலுலுவில் வரிசையில் நிற்கும்போது கேட்டார். "நாளைக் கணக்குப் பார்க்காதேங்கோ மாமி, மணிக்கணக்கைப் பாருங்கோ" என்று சொல்லி மனைவி திங்கள் அறையைத் திறந்து கொடுத்தாள். இப்போது பெட்டி ஒரு நாள் முந்தி ஓடுகிறது.

சுங்கத்தில் சீனிச்சம்பல் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்த அதிகாரி, என்ன இது என்று கேட்டார். வெங்காயம், மிளகாய், மாசி என்று மகள் விளக்கினாள். திருப்பித் தந்துவிட்டார்.

ஹொனலுலுவிலிருந்து மௌயியின் கஹுலுயிக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லாத பறப்பு. மச்சான் முன்னமே வந்து நின்றார். காரை எடுத்து, தீவின் தென்மேற்குக் கரையில் கீஹெய் என்ற ஊரில் எடுத்திருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே ரோட்டின் வலப்பக்கம் ஓடவேண்டும். சாரதி ஆசனம் இடது பக்கம், சிக்னல் இடக் கையில், வைப்பர் வலக் கையில். ஒவ்வொரு சந்தியிலும் பின் ஆசனத்திலிருந்து மனைவி "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இது பழகும்வரை பரவாயில்லை, பழகிய பிறகும் நிற்காது போலிருக்கிறது.

மலை? நேரே முன்னால்தான் இருக்கிறது. ஆனால் மலை மாதிரித் தெரியவில்லை. நம்மூர் மலைகள் எழும்பி நிற்கும். இது கடலிலிருந்து ஆறுதலாகச் சரிந்து ஏறி ஏறி முகிலுக்குள் போய்விடுகிறது. மௌயியின் பெரும்பகுதி இந்த ஒரு மலைதான். நாங்கள் சாப்பிட்டுப் படுக்கப்போகும் இந்த வீடும் எரிமலையின் அடிவாரம்தான் என்று மச்சான் சொன்னதும் மகள், "இது இப்ப வெடிக்குமா?" என்று கேட்டாள். கடைசியாக வெடித்தது ஏறத்தாழ 1480க்கும் 1600க்கும் இடையில். அணைந்துபோன எரிமலை என்று யாரும் சொல்வதில்லை, உறங்குகிறதாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் கருவி வைத்துக் கவனித்துக்கொண்டிருக்கிறது. "அப்ப சத்தம் போடாமல் படு" என்றார் மச்சான்.

திங்கள், கீஹெய்

இன்று பின்னேரம் மலைக்குப் போவதாக இருந்தது. போகவில்லை.

மச்சான் காலையில் மொலொக்கினிக்கு ஆழ்கடல் மூழ்கல் போய்விட்டு வந்தார். கீஹெய்க்கு எதிரே கடலில் பிறைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பாறைத்தீவு அது. அதுவும் ஓர் எரிமலை வாய்தான், பாதி தண்ணீருக்குள். ஒட்சிசன் சிலிண்டரோடு... இல்லை, அதைச் சொன்னதும் மச்சான் திருத்தினார், சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்களாம். விஷயம் அங்கேதான். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது காற்றில் இருக்கும் நைதரசன் இரத்தத்தில் கரைந்துவிடுகிறது. அது மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். அதற்கு முன் 3,000 மீற்றர் ஏறி அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் உடம்புக்குள்ளேயே குமிழியாகப் பிரிந்து மூட்டுகளில், சில வேளை மூளையில்கூடச் சிக்கலாம். விமானத்துக்கு மட்டும்தான் இந்தக் கட்டுப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள், இந்த மலைக்கும் உண்டு. மூழ்கினால் 24 மணி நேரத்துக்கு ஹலேயாக்கலா ஏறக்கூடாது. முகக்கண்ணாடி போட்டு மேலாக மிதந்து மீன் பார்ப்பதற்கு இது பொருந்தாது.

"நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்" என்றார் மச்சான். அவரை விட்டுவிட்டுப் போவது சரியில்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டார். மலை நாளைக்கு.

ஆகவே பின்னேரம் கடற்கரை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பாறையில் இருந்தால் சூரியன் நேரே தண்ணீருக்குள் இறங்கும். இங்கே கீஹெய்யில் இந்த நாட்களில் அது கடலில் விழுவதில்லை, எதிரே இருக்கும் லானாய் தீவுக்குப் பின்னால் போய் மறைகிறது. வடிவுதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடற்கரையில் நிற்கிற ஒரு மனிதனுக்கு அடிவானம் ஐந்து கிலோமீற்றர் தூரம்கூட இல்லை. அதே ஆள் ஹலேயாக்கலா உச்சியில் நின்றால் அடிவானம் 200 கிலோமீற்றருக்கு அப்பால். அவ்வளவு தூரம் கீழே எட்டிப் பார்க்க முடிவதால், கடற்கரையில் சூரியன் மறைந்த பிறகும் மேலே நிற்பவருக்கு ஏழெட்டு நிமிடம் கூடுதலாகத் தெரியும். கடையில் அரிசிக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போடுவார்களே, அந்த ஏழெட்டு நிமிடத்துக்காகத்தான் நாளைய ஓட்டம் எல்லாம்.

செவ்வாய் இரவு, கீஹெய்

உடம்பு களைத்துவிட்டது, ஆனால் இன்றைக்கே எழுதாவிட்டால் பாதி போய்விடும்.

காலை, புத்தாண்டு. கொழும்பில் அது நேற்றே பிறந்துவிட்டது, நாங்கள்தான் பதினைந்தரை மணி நேரம் பின்னால். அம்மா எல்லோருக்கும் கைவிசேஷமாக ஆளுக்கு ஒரு டொலர் தந்தார். மச்சானுக்கும் ஒன்று. வாழைப்பழமும் பால்சோறும். அப்புறம் சீனிச்சம்பல் வைத்துப் பாண் வெட்டிக் கட்டினோம். பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடையும் இல்லை, பெற்றோலும் இல்லை. மூன்று மணிக்குச் சற்று முன் புறப்பட்டோம். "நேரான ரோடு எண்டால் நான், வளைவு எண்டால் நீங்கள்" என்று மச்சான் சாவியை என் கையில் தந்துவிட்டார். நுவரெலியாவுக்கு ஏறும் றம்பொடைப் பாதையில் ஓடிய கை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

கடைசிப் பெற்றோல் புக்கலானி என்ற ஊரில். அடித்துக்கொண்டு 377ஆம் இலக்கப் பாதைக்குத் திரும்பினால் கூலா. இங்கே ஜக்கரண்டா பூத்துக் கிடக்கிறது, ரோடு முழுக்க ஊதா. பிறகு யூக்கலிப்டஸ் தோப்பு. கண்ணாடியை இறக்கியதும் வந்த மணத்தில் அம்மா, "நுவரெலியா வந்திட்டுது" என்றார். அங்கிருந்து 378. இதுதான் மலைப் பாதை, 1930களில் போட்டது. கடல் மட்டத்திலிருந்து உச்சிக்கு மொத்தம் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். இவ்வளவு குறைந்த தூரத்தில் இவ்வளவு உயரம் ஏறும் தார் ரோடு உலகத்தில் அபூர்வம் என்கிறார்கள்.

வளைவுகள் நம்மூர் மாதிரி நெருக்கமில்லை. ரோடு அகலம், மேடுபள்ளம் இல்லை, எதிரே முந்திக்கொண்டு வரும் பஸ் இல்லை. உண்மையைச் சொன்னால் றம்பொடையை ஓடியவருக்கு இது சுலபம். ஆனால் பல இடங்களில் ஓரத்தில் தடுப்பு இல்லை. மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே போவதால் வளைவு திரும்பியதும் ஒரு மாடு நின்று பார்க்கும். கொஞ்சம் மேலே முகிலுக்குள் நுழைந்தோம். முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மனைவியின் "வலப்பக்கம்" அங்கே நின்றுவிட்டது, யாருமே கதைக்கவில்லை.

பூங்கா வாசலைத் தாண்டியதும் ஹொஸ்மர் தோப்பு. 2,000 மீற்றருக்குச் சற்று மேலே. 1910 அளவில் ரால்ஃப் ஹொஸ்மர் என்ற வன அதிகாரி, இங்கே மரத் தொழில் நடக்குமா என்று பார்க்க உலகின் பல பக்கத்திலிருந்தும் மரங்களைக் கொண்டுவந்து நட்ட இடம். இமயமலைத் தேவதாருகூட நிற்கிறது. தொழில் நடக்கவில்லை, நிழல் மிஞ்சியது. அம்மாவுக்காக அங்கே அரை மணி நேரம் நின்றோம். தேத்தண்ணி குடித்தோம். பூங்கா அலுவலகத்தருகே நேநே இரண்டு புல்லில் நடந்துகொண்டிருந்தன. ஹவாயின் மாநிலப் பறவை, ஒரு வகைக் காட்டு வாத்து. 1950களில் உலகத்திலேயே முப்பது அளவுதான் மிச்சம் இருந்தனவாம். மௌயியில் அறவே இல்லாமல் போய், 1962இல் சாரணச் சிறுவர்கள் முதுகுப் பையில் வைத்துக் குஞ்சுகளை இந்த மலைக்குள் சுமந்துபோய் விட்டிருக்கிறார்கள். இப்போது கார்க்காரருக்கு ரோட்டில் அவற்றின் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை.

மேலே ஏற ஏறக் காருக்குள் ஏதோ 'டப் டப்' என்று சத்தம். மகள் பையைத் திறந்து பார்த்தாள். முறுக்குப் பைக்கற் வீங்கி, விரலால் தட்டினால் மேளம். வெள்ளவத்தையில் கடற்கரைக் காற்றோடு ஒட்டிய பைக்கற், வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருந்த காற்று தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஒட்டியிருந்த விளிம்பு ஒரு மூலையில் பிரியத் தொடங்கியிருந்தது. பைக்கற்றில் எழுதியிருந்த காலாவதித் திகதி இரண்டு பக்கமும் இழுபட்டு வாசிக்க முடியவில்லை. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, "இது வெடிச்சால் கார் முழுக்க எள்ளு" என்று உச்சி வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தார்.

2,969 மீற்றரில் பார்வையாளர் நிலையம். அங்கே இறங்கி வேலியோரம் போனதும் கீழே அந்தப் பள்ளம். ஏறத்தாழ 11 கிலோமீற்றர் நீளம், 3 கிலோமீற்றர் அகலம், 800 மீற்றர் ஆழம். எல்லோரும் எரிமலை வாய் என்கிறார்கள், அது சரியில்லை. மலையின் இரண்டு பக்கமும் மழைநீர் அரித்துக்கொண்டு வந்த இரண்டு பள்ளத்தாக்குகள் உச்சியில் சந்தித்து உண்டான குழி இது. பிறகு அதற்குள் வெடித்த சின்னச் சின்ன எரிமலைகள்தான் இப்போது தெரிகிற கூம்புகள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் கலந்த சாம்பல். ஒரு மரம் இல்லை.

பாதையோரம் வெள்ளிவாள் செடி. 'ஆஹினஹினா' என்கிறார்கள். சூரியகாந்திக் குடும்பம், இந்த மலையைத் தவிர வேறெங்கும் இந்த வகை கிடையாது. வெள்ளி மினுக்கம் இலை முழுக்க அடர்ந்திருக்கும் மயிரால் வருகிறது, கடும் வெயிலையும் வறட்சியையும் தாங்க அது. சில செடி 90 வருடம்கூட இருக்குமாம், ஒரே ஒரு தரம் பூக்கும், பூத்ததும் சாகும். வேர் மேலாகத்தான் ஓடுகிறது, பக்கத்தில் மிதித்தாலே நசுங்கும். ஒரு காலத்தில் ஆடுகள் தின்றும் வந்தவர்கள் பிடுங்கியும் ஏறக்குறைய அழிந்தே போயிருக்கிறது. மகள் பாதையை விட்டு ஒரு அடி வைக்கப்போக, முன்பின் தெரியாத ஒரு பெண் கையைப் பிடித்து நிறுத்தினார். நல்ல வேலை செய்தார்.

ஐந்தரைக்கு உச்சி. கார் நிறுத்துமிடம் சின்னது, எங்களுக்குப் பிறகு வந்த சிலர் கீழேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நிறுத்துமிடத்திலிருந்து மேலே கண்ணாடி அறைக்குப் போகும் ஏற்றம் சாதாரண நாளில் ஒன்றுமே இல்லை. இங்கே அம்மா மட்டுமில்லை, நானும் இடையில் நின்றுதான் ஏறினேன். காற்று முகத்தில் அறைகிறது. அரைக் காற்சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்த சிலர் ஹோட்டல் துவாயைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். பக்கத்து மேட்டில் வெள்ளையாக வானாய்வு நிலையங்கள். அதில் உயரமானது டேனியல் இனோயே சூரியத் தொலைநோக்கி, 4 மீற்றர் கண்ணாடி, சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது. எங்களுக்கு அனுமதி இல்லை. தென்கிழக்கே முகிலுக்கு மேல் இரண்டு நீல முதுகு. பெரிய தீவின் மௌனகேயாவும் மௌனலோவாவும், நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரத்தில்.

இந்த முகில் படுக்கை பெரும்பாலும் கீழேயே இருப்பதற்குக் காரணம் உண்டு. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கொண்டுவரும் ஈரம் மேலெழும்பி முகிலாகிறது, 2,000 மீற்றர் அளவில் அதற்கு மேலே உலர்ந்த சூடான காற்றுப் படை ஒன்று தடுத்துவிடுகிறது. மலை மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. கீஹெய்யில் மூடமாக இருக்கிறதே என்று போகாமல் விட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஹவாய்க்காரரின் கதைப்படி சூரியனின் வீடு இந்த மலை. பகல் குறுகிப்போய், அடித்து விரித்த மரப்பட்டைத் துணி காயவில்லை என்று தாய் ஹினா குறைப்பட, மகன் மௌயி இங்கே ஏறி நின்று சூரியனின் கால்களுக்குச் சுருக்குப் போட்டானாம். மெதுவாகப் போகிறேன் என்று சூரியன் கெஞ்சிய பிறகுதான் விட்டான். அம்மாவுக்குச் சொன்னேன். "பாவம், அந்த மனுசிக்கு எத்தினை நாள் வத்தல் பழுதாப் போச்சோ" என்றார்.

ஆறரைக்கு மேல் எல்லோரும் மேற்குப் பக்கம். சூரியன் முகில் படுக்கையைத் தொட்டதும் அதன் அடி தட்டையாகி, பெட்டி மாதிரி ஆகி, விளிம்பு துண்டு துண்டாக நடுங்கியது. முகிலின் மேடுகள் தங்கம், பள்ளங்கள் ஊதா. கீழே எங்கோ லானாய். ஆறு ஐம்பது அளவில் கடைசிச் சொட்டும் போனதும் கைதட்டினார்கள். உடனே எல்லோருக்கும் குளிர் ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் பாதிக் கூட்டம் காருக்குள்.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை. சூரியன் மறைய ஒரு பத்து நிமிடம் இருக்கும்போதே அம்மா காற்றுத் தாங்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு கிழக்குப் பக்கம் நின்றிருந்தார். "தம்பி, இங்க திரும்பிப் பார்."

பள்ளம் முழுக்க நிழல் நிரம்பிவிட்டது. அதற்கப்பால் முகில் மேல், அதற்கும் அப்பால் வெறும் வானத்தில், மலையின் நிழல். சாம்பல் நீலத்தில் சுத்தமான முக்கோணம். நுனி அடிவானத்தைத் தொட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தாண்டி எழும்பியது. அதன் தோளுக்கு மேலே வானம் ரோசாப் பட்டி. எங்களுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிவனொளிபாதமலையில விடியக் கண்டது" என்றார் அம்மா. கல்யாணமான புதிதில் அப்பாவின் கந்தோர்க்காரரோடு ஏறியிருக்கிறார். அங்கே சூரியன் எழும்பும்போது நிழல் மேற்கே விழும். எல்லோரும் உதயத்தைப் பார்த்துக் கும்பிட, அனுபவமுள்ள யாத்திரிகர்கள் மறுபக்கம் ஓடுவார்களாம்.

அந்த மலை கூரானது, அதன் நிழல் முக்கோணமாக விழுவது இயல்பு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஹலேயாக்கலா கூரே இல்லையே, மொட்டைச் சரிவு. பிறகு விளங்கியது, மலையின் வடிவத்துக்கும் இதற்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. நிழல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளுகிறது, நாங்கள் அதன் தலைமாட்டில் நின்று அதன் நீளத்தைப் பார்க்கிறோம். வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தண்டவாளம் இரண்டும் தெஹிவளைப் பக்கம் ஒன்றாகிறதே, அதே கணக்குத்தான். எந்த மலையின் உச்சியில் நின்றாலும் அதன் நிழல் முக்கோணம்தான்.

மகளும் மனைவியும் பார்த்தார்கள். மச்சான் பார்க்கவில்லை. குளிர் தாங்காமல் சூரியன் தட்டையாகும்போதே இறங்கிப்போய்க் காருக்குள் ஹீற்றர் போட்டுக்கொண்டிருந்தார்.

இருட்டும்வரை இருந்தோம். முதலில் வெள்ளி, பிறகு மேற்கே திருவாதிரை. தென்மேற்கில் தாழ்வாக அகத்தியர் நட்சத்திரம். கொழும்பில் இது மணி முற்பகல் பத்தைத் தாண்டிய நேரம், மனைவியின் தங்கை வேலையிடத்திலிருந்து வாழ்த்துச் சொல்ல எடுத்தாள். "பின்னால என்ன சத்தம்?" என்றாள். காற்றுத்தான்.

இறக்கம்தான் கவனம். எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் இறங்குவதால் பிரேக் சூடேறிய மணம் ரோடு முழுக்க. ஏறின கியரிலேயே இறங்கு என்பது நம்மூர் மலைப்பாதை லொறிக்காரரின் பாடம். ஓட்டோ கியர் என்றாலும் தாழ்ந்த கியரில் பிடித்து வைக்க வழியிருக்கிறது. அப்படியே பூங்கா வாசல் வரை வந்தோம்.

புதன், கீஹெய்

காலையில் எல்லோருக்கும் லேசான தலையிடி, தண்ணீர் குடிக்கச் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

படங்களைப் பார்த்துவிட்டு மச்சானுக்கு மனமில்லை. "ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" "கண்ணாடியை ஏத்திப்போட்டு ஹீற்றருக்குள்ள இருக்கிற ஆளுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்று அம்மா. எங்கள் ஃபோன் படத்தில் அது ஒரு சாம்பல் கறை மாதிரித்தான் இருக்கிறது, உண்மையைச் சொன்னால் அதைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது. மச்சானுக்கு வந்துவிட்டது. ரசீது மூன்று நாளைக்குச் செல்லும் என்பதால் இன்று மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறார். அம்மா வரவில்லை, "நான் ரெண்டு மலையிலயும் பார்த்திட்டன்" என்றார். வளைவுகளை மச்சானே ஓட்டட்டும்.

போகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்பியது: ஐந்தரைக்குள் உச்சியில் கார் நிற்கவேண்டும். ஆறரைக்குக் கண்ணாடி அறைக்கு வெளியே, பள்ளம் தெரிகிற பக்கம் போய் நில்லுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் மேற்கைத் திரும்பிப் பாருங்கள், போதும். கைதட்டினதும் காருக்கு ஓடாதேங்கோ, ரோசாப் பட்டி அதற்குப் பிறகுதான் நன்றாக எழும்பும்.

புக்கலானியில் பெற்றோல் அடிப்பதாக இப்போதுதான் மகள் செய்தி அனுப்பினாள். மேலே முகில், நல்லதுதான். நாளைக்கு ஹானா ரோடு. கஹுலுயியிலிருந்து ஏறத்தாழ 84 கிலோமீற்றர், 600க்கு மேற்பட்ட வளைவு, 59 பாலம், பெரும்பாலும் ஒரு கார் மட்டும் போகக்கூடியது. சத்தி மாத்திரை எந்தப் பையில் என்று அம்மா இப்போதே தேடத் தொடங்கிவிட்டார்.